ஜெர்மன் மலைப்படை மினியேச்சர்: முதல்ல மேசை, அப்புறம் பொம்மை

ரெண்டாம் உலகப்போர் வார்கேமுக்குப் புதுசா வந்து, சரி ஜெர்மன் ஆர்மி எடுப்போம்னு முடிவு பண்ணவங்களுக்கு எப்படியும் ஒரு நாள் மலைப்படையோட அந்த எடல்வைஸ் பூ பேட்ஜ் கண்ணுல படும். தொப்பியில பூ, தோள்ல கயிறு, முதுகுல பெரிய ரக்சாக், பக்கத்துல சுமை தூக்கிட்டு ஒரு கோவேறு கழுதை. பார்த்ததும் வாங்கணும்னு தோணும். வாங்கலாம், தப்பே இல்ல, ஆனா வாங்கிட்டு வந்து சமதளமா பச்சை மேட் விரிச்ச மேசையில நிறுத்தி எதிர்ல நாலு ஷெர்மன் டாங்கியை வச்சு ஆடினீங்கன்னா அவங்க வேற தொப்பி போட்ட சாதாரண காலாட்படைதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இந்தப் படையோட ருசியே மேசையில இருக்கு. அதனாலதான் பொம்மை வாங்குறதுக்கு முன்னாடி எந்த சண்டை, எந்த மலைன்னு முடிவு பண்ணுங்கன்னு சொல்றேன்.

வார்கேம்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சின்ன சின்ன சிப்பாய் பொம்மைகளை நாமே பெயிண்ட் பண்ணி, குன்று காடு வீடுன்னு செட் பண்ண மேசையில வச்சு, டேப் எடுத்து இன்ச் கணக்குல நகர்த்தி, டைஸ் உருட்டி சுட்டு விளையாடறது. செஸ் மாதிரி கட்டம் கிடையாது, கட்டத்துக்கு பதிலா நிலம் இருக்கு. யார் எதை மறைவா வச்சுக்கறாங்க, யார் மேட்டைப் பிடிக்கறாங்கங்கறதுதான் பாதி ஆட்டம்.

இப்ப ஆளுங்க யாருன்னு பார்ப்போம். ஜெர்மன்ல கெபிர்க்ஸ்யேகர்னு பேரு, நாம மலைப்படைன்னே சொல்லிக்கலாம். கதை முதல் உலகப்போர்லயே ஆரம்பிக்குது. 1915-ல இத்தாலி எல்லையில ஆஸ்திரியாவுக்கு உதவ ஜெர்மன்காரங்க ஆல்பென்கோர்ன்னு ஒரு மலைப்படையை அனுப்பினாங்க, எடல்வைஸ் சின்னம் ஆஸ்திரியாக்காரங்க கிட்ட இருந்து இவங்களுக்கு வந்தது அப்பதான். அதுக்கப்புறம் 1938-ல கார்மிஷ்-பார்டன்கிர்ஹென்ல 1ஆவது மலை டிவிஷன் உருவாச்சு, அதே வருஷம் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கினதும் அந்த நாட்டு ராணுவத்துல இருந்த ஆளுங்களை வச்சே 2ஆவது, 3ஆவது டிவிஷனை அமைச்சாங்க. அதனால ஆரம்ப வருஷங்கள்ல இவங்கள்ல நிறைய பேரு டிரோல், ஸ்டைரியா பக்கத்து ஆளுங்க, சின்ன வயசுலேர்ந்தே மலை ஏறி ஸ்கீ விட்டு வளர்ந்தவங்க.

இங்க ஒரு தப்பான நினைப்பை உடைச்சுடணும். மலைப்படைன்னதும் கமாண்டோ மாதிரி சூப்பர் சோல்ஜர்னு நிறைய பேரு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. துப்பாக்கி எல்லாம் கிட்டத்தட்ட மத்த ஜெர்மன் காலாட்படைக்கு இருந்ததேதான், அதே கர் 98 ரைஃபிள், அதே எம்ஜி 34 மெஷின் கன், பின்னாடி எம்ஜி 42. செக் நாட்டு ப்ர்னோ தொழிற்சாலையில செஞ்ச ஜி 33/40ன்னு நீளம் கம்மியான ஒரு ரைஃபிள் இவங்களுக்குன்னு வந்துச்சு, ஆனா மேசையில அதை வச்சு ஒரு வித்தியாசமும் வராது, ரைஃபிள்னா ரைஃபிள்தான். சொல்லப்போனா ஒரு விதத்துல இவங்க பலவீனமான படை. சாதாரண காலாட்படை டிவிஷன்ல மூணு ரெஜிமென்ட் இருந்தா இவங்களுக்கு ரெண்டுதான், கனமான பீரங்கியும் குறைவு. லாரி போகாத இடத்துல சண்டை போடணும், அதனால எல்லாத்தையும் பிரிச்சு மிருகத்து முதுகுலயும் மனுஷன் முதுகுலயும் ஏத்தணும். வித்தியாசம் இங்கதான் இருக்கு, துப்பாக்கியில இல்ல, எதை எங்க கொண்டு போக முடியுங்கறதுல.

இதுக்கு நல்ல உதாரணம் அவங்களோட 7.5 செ.மீ மலை பீரங்கி, மாடல் 36. மொத்த எடை 750 கிலோ, ஆனா எட்டு பாகமா பிரிச்சு கோவேறு கழுதைகள் மேல ஏத்திடலாம். சமவெளியில இது ஒரு சின்ன துக்கடா பீரங்கி, எதிராளி வச்சிருக்கற எந்த பீரங்கியும் இதை விட பெருசாதான் இருக்கும். ஆனா எதிராளியோட பெரிய பீரங்கி ஏறவே முடியாத ஒரு மலை முகட்டுல இதை கொண்டு போய் மாட்டி சுட ஆரம்பிச்சா கதையே மாறிடும். உங்க ஆர்மியில ஒரே ஒரு ஸ்பெஷல் அயிட்டம்தான் வாங்க பட்ஜெட் இருக்குன்னா டைகர் டாங்கியை விட்டுடுங்க, இந்த பீரங்கியும் ரெண்டு கழுதையும் வாங்குங்க.

சரி எந்த சண்டை. இதுதான் முக்கியமான முடிவு, ஏன்னா பெயிண்ட், பேஸ் (பொம்மை நிக்கற அடித்தட்டு), மேசை, எதிராளி எல்லாமே இதுல இருந்துதான் வரும். எனக்கு ரொம்பப் பிடிச்சது நார்விக். 1940 ஏப்ரல் 9, நார்வேயோட வடக்கு கோடியில இருக்கற அந்தத் துறைமுகத்துல ஜெனரல் எட்வார்ட் டீட்ல் தலைமையில 139ஆவது ரெஜிமென்ட் ஆளுங்க ஏறக்குறைய 2,000 பேரு பத்து டெஸ்ட்ராயர் கப்பல்ல வந்து இறங்கினாங்க. நாலு நாள்ல, அதாவது 10ஆம் தேதியும் 13ஆம் தேதியும் பிரிட்டிஷ் நேவி வந்து அந்த பத்து கப்பலையும் காலி பண்ணிடுச்சு. கனமான ஆயுதம் ஏத்திட்டு வந்த சரக்குக் கப்பலும் வந்து சேரல. ஒரு மலை பீரங்கிப் பிரிவை மட்டும் யுங்கர்ஸ் 52 விமானங்கள்ல ஏத்தி உறைஞ்சு போன ஹார்ட்விக் ஏரி மேலயே இறக்கினாங்க. மூழ்கின கப்பல்ல இருந்து தப்பிச்ச மாலுமிங்க கையில பிடிச்ச நார்வே ரைஃபிள்களைக் கொடுத்து அவங்களையும் மலையில நிறுத்தினாங்க. எதிர்ல யாரு, நார்வே படை, பிரெஞ்சு மலைப்படை, வெளிநாட்டு ஆளுங்களைச் சேர்த்து பிரான்ஸ் வச்சிருந்த ஃபாரின் லீஜியன், போலந்து ஆளுங்க. மே 28-ல நார்விக்கை நேச நாடுகள் திருப்பிப் பிடிச்சாங்க, ஆனா பிரான்ஸே விழுந்துட்டு இருந்ததால ஜூன் 8க்குள்ள விட்டுட்டுப் போயிட்டாங்க.

இதை ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா ஒரு வார்கேமருக்கு வேண்டியது எல்லாம் இதுல இருக்கு. டாங்கி அநேகமா இல்ல, அதனால செலவு கம்மி. ஆள் கம்மி. ஒரு ஸ்குவாட், அதாவது ஒரு சின்னக் குழு, நல்ல தேர்ந்த மலைப்படை, அதுக்குப் பக்கத்துலயே ரைஃபிளைப் பிடிக்கத் தெரியாம பிடிச்சிருக்கற ஒரு ஸ்குவாட் மாலுமிங்கன்னு ஒரே ஆர்மியில ரெண்டு தரம் கிடைக்குது. எதிராளிக்கு அந்த நாலு படையில எது பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்கலாம்.

அடுத்தது 1941. ஏப்ரல் 6 கிரீஸ் எல்லையில மெட்டாக்ஸஸ் கோட்டை வரிசை. 5ஆவது மலை டிவிஷன் ரூபெல் கணவாய் பக்கம் கான்கிரீட் கோட்டைகளை நேரா மோதி நிறைய ஆளை இழந்துச்சு, கிரேக்கக்காரங்க லேசுல விடல. அதே நேரத்துல 6ஆவது டிவிஷன் 2,000 மீட்டருக்கு மேல பனி மூடின மலையைத் தாண்டி, இந்தப் பக்கமா எவனும் வர மாட்டான்னு நினைச்ச இடத்துல இறங்கி மறுநாள் சாயந்திரம் தெசலோனிகி போற ரயில் பாதையைத் தொட்டுடுச்சு. மலைப்படையை எப்படி ஆடணுங்கறதுக்கு இதை விட நல்ல பாடம் கிடையாது, ஒருத்தன் நேரா மோதி அடி வாங்குறான், இன்னொருத்தன் சுத்திப் போய் ஜெயிக்கிறான்.

மே மாசம் கிரீட் தீவு. எல்லாரும் பாராசூட் படையைப் பத்திதான் பேசுவாங்க, ஆனா 20ஆம் தேதி குதிச்ச அவங்க கிட்டத்தட்ட தோத்துட்டு இருந்தாங்க, 21ஆம் தேதி மலேமே ஏர்ஃபீல்ட்ல குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே விமானத்துல வந்து இறங்கின 100ஆவது மலை ரெஜிமென்ட்தான் நிலைமையைத் திருப்புச்சு. இன்னொரு பட்டாலியனை மீன்பிடிப் படகுகள்ல கடல் வழியா அனுப்பினாங்க, ராத்திரி பிரிட்டிஷ் நேவி கையில மாட்டி சின்னாபின்னமாச்சு. இன்னொன்னு, மலைப்படை எப்பவும் ஜெயிக்கும்னு நினைக்காதீங்க, மே 27-ல 42ஆவது தெருன்னு சொல்ற இடத்துல நியூசிலாந்தோட மாவோரி பட்டாலியனும் ஆஸ்திரேலியாக்காரங்களும் பயனெட்டோட பாஞ்சு வந்ததுல 141ஆவது ரெஜிமென்ட் பட்டாலியன் ஒண்ணு சிதறிப் போச்சு. ஆலிவ் தோப்பு, கல்லு சுவர், வெயில்னு கிரீட் மேசை பார்க்க ரொம்ப நல்லா இருக்கும், பனி பேஸ் பிடிக்காதவங்க இதுக்குப் போங்க.

அதே வருஷம் ஜூன் 29-ல சோவியத் துறைமுகமான மூர்மான்ஸ்க்கைப் பிடிக்கக் கிளம்பின டீட்லோட ஆளுங்க லீட்ஸா ஆத்தங்கரையில சிக்கிக்கிட்டு அப்படியே 1944 அக்டோபர் வரைக்கும் கிடந்தாங்க. மரமே இல்லாத பாறைக்காடு. மேசை செய்ய ரொம்ப ஈஸி, ஆட ரொம்ப கஷ்டம், ஒளிய இடமே கிடைக்காது.

காகஸஸ் 1942 பத்தி கேட்காம யாரும் விட மாட்டாங்க. ஆகஸ்ட் 21-ல 1ஆவது, 4ஆவது டிவிஷன் ஆளுங்க 5,642 மீட்டர் எல்ப்ரஸ் சிகரத்துல ஏறி கொடி நட்டாங்க, போட்டோ எடுத்து பேப்பர்ல போட்டாங்க. ராணுவ ரீதியா அதுல பைசா பிரயோஜனம் இல்ல, சுகுமி கடற்கரைக்குப் போகணுங்கறதுதான் திட்டம், அது கடைசி வரைக்கும் நடக்கல, ஹிட்லரே இந்த மலையேற்றத்தைக் கேட்டு கொதிச்சுப் போனதா அவரோட அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பேர் எழுதி வச்சிருக்கார். எல்ப்ரஸை மேசையில கொண்டு வர முயற்சி பண்ணாதீங்க, அதுல சண்டையே இல்ல. க்ளூஹோர் மாதிரி கணவாய்கள்ல நடந்த மோதலை எடுங்க.

அடுத்து சைஸ். ஆள் உயரம் ஏறக்குறைய 28 எம்எம் இருக்கற பொம்மைதான் இப்ப அதிகம் ஓடுது, பெயிண்ட் பண்ண சுகம், முகம் தெரியும், ஒரு பிளாட்டூன் சண்டைக்கு 30, 40 பொம்மை போதும். 1/72, அதாவது நிஜ ஆளுல 72-ல ஒரு பங்கு சைஸ் பிளாஸ்டிக், விலை கம்மி, ஆனா பொம்மை வளைஞ்சு கொடுக்கற பிளாஸ்டிக்கா இருந்தா பெயிண்ட் உரியும், ப்ரைமர் நல்லா அடிக்கணும். 15 எம்எம்-ல கம்பெனி அளவு ஆடலாம். என் கருத்து என்னன்னா மலைக்கு 28 எம்எம் அழகு, 15 எம்எம் நியாயம், ஏன்னா 28-ல ஒரு பொம்மை உயரத்துக்கு நீங்க செய்யற குன்று எல்லாம் எறும்புப் புத்து மாதிரிதான் தெரியும், 15-ல அதே குன்று நிஜமாவே மலை மாதிரி நிக்கும். ஆனா உங்க ஃப்ரெண்ட்ஸ் எந்த சைஸ்ல ஆடறாங்களோ அதையே வாங்குங்க, தனியா வச்சுக்கிட்டு ஆட ஆள் இல்லாம என்ன பண்ணப் போறீங்க.

ரூல்ஸ் விஷயத்துல புதுசா வர்றவங்களுக்கு வார்லார்ட் கேம்ஸ் போடற போல்ட் ஆக்‌ஷன் சுலபம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ஆர்டர் டைஸ் பையில போட்டு, கையை விட்டு எடுக்கறப்ப யாரோட கலர் வருதோ அவங்க ஒரு யூனிட்டை நகர்த்தணும், அதனால அடுத்து யாருன்னு தெரியாத ஒரு டென்ஷன் எப்பவும் இருக்கும். அட்வான்ஸ் போனா 6 இன்ச் நகர்ந்து சுடலாம், ரன் போனா 12 இன்ச் ஆனா சுட முடியாது. கரடுமுரடு நிலத்துல ரன் கிடையாது. இந்த ஒரு ரூலை நல்லா மனசுல வச்சுக்கோங்க, மலை மேசையில எல்லாமே கரடுமுரடுதான், அப்ப எல்லாரும் ஆமை வேகத்துல 6, 6 இன்ச்சா ஊர்ந்துட்டு இருப்பாங்க, ஆட்டம் பாதியில நின்ன மாதிரி ஆயிடும். நீங்க ஆடற எடிஷனோட ஆர்மி புக்ல மலைப்படைக்கு ஏதாவது சலுகை இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா எதிராளியோட பேசி வச்சு, பயிற்சி எடுத்த மலைப்படை மட்டும் பாறையில ரன் போகலாம்னு ஒரு வீட்டு ரூல் போட்டுக்கோங்க. எதிர்ல பிரெஞ்சு மலைப்படை இருந்தா அவங்களுக்கும் அதே சலுகை கொடுக்கணும், அதுதான் நியாயம்.

தரம் பத்தி ஒரு வார்த்தை. இதுல யூனிட்டை அனுபவமில்லாதது, ரெகுலர், வெட்டரன்னு மூணா பிரிப்பாங்க, சுடுபட்ட வெட்டரனை சாகடிக்க டைஸ்ல 5 இல்ல அதுக்கு மேல வேணும், ரெகுலருக்கு 4, அனுபவமில்லாதவனுக்கு 3 போதும். எல்லாரையும் வெட்டரனா எடுக்கணும்னு கை பரபரக்கும், ஆர்மி எடுக்க உங்களுக்குக் கிடைக்கற பாயிண்ட்ஸ் எல்லாம் அதுலயே போயிடும், மேசையில ரெண்டு ஸ்குவாட் மட்டும் அனாதையா நிக்கும். நார்விக், கிரீட்டுக்கு வெட்டரன் சரி. 1944-45 ஆளுங்களை தாராளமா ரெகுலரா எடுங்க, அதுக்குள்ள பழைய ஆளுங்க பாதிக்கு மேல இல்ல.

டூ ஃபேட் லார்டீஸ் போட்ட செயின் ஆஃப் கமாண்ட் கொஞ்சம் கஷ்டம், ஆனா மலைக்கு இன்னும் பொருத்தம். அதுல சண்டை தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் மார்க்கரை நகர்த்தி ரோந்து போற மாதிரி ஒரு கட்டம் உண்டு, யார் எந்த இடம் வரைக்கும் ஊடுருவினாங்களோ அங்க இருந்துதான் படை வெளிய வரும். மலையில யார் முந்தி எந்தப் பாறையைப் பிடிச்சாங்கங்கறது தன்னாலயே ஆட்டத்துக்குள்ள வந்துடுது.

மேசை செய்யறதுக்கு வருவோம். 6க்கு 4 அடி போதும். வழவழன்னு சரிவா குன்று செஞ்சா பார்க்க நல்லா இருக்கும், ஆனா பொம்மை நிக்காது, சறுக்கிக்கிட்டே இருக்கும், முக்கியமான நேரத்துல ஒரு ஸ்குவாடே உருண்டு வந்து பெயிண்ட் பேர்ந்து போகும். படி படியா வெட்டுங்க. சாதா தெர்மோகோல் மணி மணியா உதிரும், கொஞ்சம் காசு போனாலும் கெட்டியான இன்சுலேஷன் போர்டு நல்லது. ஒவ்வொரு படியும் ஒரு பொம்மை பேஸ் நிக்கற அகலம் இருக்கணும், ஓரத்துல தக்கைப் பட்டையை ஒட்டி கறுப்பு அடிச்சு மேல சாம்பலை ட்ரை பிரஷ் பண்ணா, அதாவது பிரஷ்ல இருக்கற பெயிண்டைத் துடைச்சுட்டு லேசா தேய்ச்சா, பாறை ரெடி. ஏற முடியாத செங்குத்துப் பாறை எது, மெதுவா ஏறலாங்கற பாறை எதுன்னு ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வச்சுடுங்க, பேசாம விட்டா நடுவுல சண்டை நிஜமாவே வரும். ஒரு பக்கத்துல மட்டும் மலையை வைக்காதீங்க, நடுவுல ஒரு பள்ளத்தாக்கு ரோடு, ரெண்டு பக்கமும் மேடு, ஒரு மேட்டுல ஆட்டுப் பாதை மாதிரி ஒரு குறுகல் வழி, அப்படி வச்சா சுத்திப் போற ஆட்டம் தானா வரும்.

பெயிண்ட். அடிப்படை ஃபீல்ட் கிரே, வல்லேஹோ கம்பெனி பெயிண்ட்ல 830ஆம் நம்பர் எல்லாரும் எடுக்கறது, நல்லாத்தான் இருக்கு. போர் ஆரம்பத்துல பேன்ட் கல் சாம்பல் நிறம், சட்டை பச்சை கலந்த சாம்பல், ரெண்டையும் வேற வேறயா அடிச்சா 1940 ஆள்னு பார்த்ததுமே தெரியும். காலுக்கு உயரமான மார்ச்சிங் பூட்ஸ் கிடையாது, கணுக்கால் அளவு ஆணி அடிச்ச மலை பூட்ஸ், அதுக்கு மேல துணிப் பட்டை சுத்தியிருக்கும், பொம்மை வாங்கும்போது இதைப் பாருங்க, சாதாரண காலாட்படை பொம்மைக்கு தலையை மட்டும் மாத்தினா கால் காட்டிக் கொடுத்துடும். மேல அனோரக் (காத்துத் தடுக்கற மேல்சட்டை) போட்ட ஆளுங்கன்னா வெளிப்பக்கம் காக்கி கலந்த ஆலிவ், திருப்பிப் போட்டா வெள்ளை. ஸ்குவாட்ல சில பேரை வெள்ளையிலயும் சில பேரை ஆலிவ்லயும் அடிச்சா இளவேனில்ல பனி உருகிட்டு இருக்கற மலைக்குப் பொருத்தமா நல்லா வரும். கிரீட்டுக்கு அந்தக் கம்பளி யூனிஃபார்மையே போட்டுட்டுப் போனாங்க பாவம், கையை மடிச்சுவிட்ட பொம்மை, வேர்வைக் கறை, புழுதின்னு அடிங்க.

பூவைப் பத்தி எல்லாரும் பயப்படறாங்க. வலது மேல்கையில ஒரு ஓவல் கரும்பச்சைத் துணியில வெள்ளைப் பூ, தொப்பியோட இடது பக்கத்துல உலோகப் பூ. 28 எம்எம்-ல இதழ் இதழா வரையத் தேவையே இல்ல, கரும்பச்சை முட்டை, நடுவுல வெள்ளைப் புள்ளி, அதுக்கு நடுவுல ஊசி முனையில மஞ்சள், ரெண்டடி தள்ளி நின்னு பார்த்தா பூதான். தோள்பட்டை ஓரத்துக்கு இளம்பச்சை. எல்லாருக்கும் தொப்பி போடாதீங்க, சண்டையில ஹெல்மெட்டும் போட்டாங்க, பாதி பாதி கலந்தா இயல்பா இருக்கும். 1943க்கு அப்புறம் மொத்த ஜெர்மன் படைக்கும் வந்த தொப்பி இவங்க தொப்பியைப் பார்த்து செஞ்சதுதான், அதனால பழைய பெட்டியில கிடக்கற லேட் வார் தலைங்களைக் கூட எடுத்து ஒட்டிக்கலாம், முன்பக்க விளிம்பு மட்டும் கொஞ்சம் நீளம், யாரும் ஸ்கேல் வச்சு அளக்கப் போறது இல்ல.

இந்தப் பூவுக்குப் பின்னாடி இருக்கறதையும் சொல்லாம விட முடியாது. மலை, சாகசம், தோழமைன்னு ரொமான்டிக்கா பேசற ஒரு கூட்டம் இந்தப் படையைச் சுத்தி எப்பவும் உண்டு. 1943 ஆகஸ்ட் 16-ல கிரீஸ்ல கொம்மெனோ கிராமத்துல 317 பேரைக் கொன்னது இதே 1ஆவது மலை டிவிஷனோட 98ஆவது ரெஜிமென்ட். அடுத்த மாசம் கெஃபலோனியா தீவுல சரணடைஞ்ச இத்தாலிய சிப்பாய்களை ஆயிரக்கணக்குல சுட்டதுலயும் இதே டிவிஷன் ஆளுங்கதான். நார்விக் ஹீரோன்னு சொல்ற டீட்ல் ஹிட்லரை 1920கள்லயே ஆதரிச்ச ஆள். நாஜிக் கட்சியோட எஸ்எஸ் படையைச் சேர்ந்த ப்ரின்ஸ் ஒய்கன் மலை டிவிஷன் யூகோஸ்லாவியாவுல பண்ணதைப் படிச்சா தூக்கம் வராது, அந்த ஆர்மியை நான் மேசையில வைக்க மாட்டேன், வைக்கறவங்களோட ஆடவும் மாட்டேன். இதுக்காக பொம்மையே வாங்கக் கூடாதுன்னு சொல்லல, யாராவது ஜெர்மன் பக்கம் ஆடினாத்தான் நார்வேக்காரங்க கதையும் மேசைக்கு வரும். ஆனா பெயிண்ட் பண்ண பொம்மையை போட்டோ எடுத்து போடும்போது மாவீரர்கள்னு கேப்ஷன் வைக்காதீங்க.

முதல் ஆட்டத்துக்கு நான் சிபாரிசு பண்றது கிராட்டாங்கன், 1940 ஏப்ரல் 24, 25. நார்வே பட்டாலியன் ஒண்ணு பனிப்புயல்ல போராடி கிராமத்துக்குள்ள வந்து களைச்சுப்போய் பண்ணை வீடுகள்ல தங்கியிருக்கு, மறுநாள் காலையில மலைப்படை திரும்பி வந்து அடிக்குது. மேசை நடுவுல மூணு வீடு, ஒரு ரோடு, சுத்தி பனிச் சரிவு. நார்வே ஆட்டக்காரர் ஒரு லெஃப்டினென்ட், மூணு ரெகுலர் ஸ்குவாட், ஒரு மெஷின் கன் எடுக்கட்டும், எல்லாரும் வீட்டுக்குள்ளயும் பக்கத்துலயும் இருக்கணும், முதல் டர்ன்ல அவங்க ஆர்டர் டைஸ்ல பாதியை மட்டும் பையில போடுங்க, தூக்கத்துல மாட்டிக்கிட்டாங்க இல்லையா. ஜெர்மன் பக்கம் ஒரு லெஃப்டினென்ட், ரெண்டு வெட்டரன் ஸ்குவாட், ஒரு மார்ட்டர், ஒரு மெஷின் கன், ரெண்டு வேற வேற ஓரத்துல இருந்து உள்ள வரலாம். ஆறு டர்ன், மூணு வீட்டுல ரெண்டைப் பிடிச்சா ஜெர்மன் ஜெயிப்பு, நார்வே ஆளுங்க பாதிப் பேரை உசுரோட ரோடு வழியா வெளிய கொண்டு போயிட்டா அவங்க ஜெயிப்பு. முடிஞ்சதும் பக்கத்தை மாத்தி இன்னொரு தடவை ஆடுங்க, நார்வே பக்கம் ஆடறதுதான் கஷ்டம், ஜாலியும் அதுதான்.